ஒளி மங்கியது உண்மைதான். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாமா?

கடிதம் எழுதியவர் 29 வயதுத் தாய். டெல்டா மாவட்டம் ஒன்றில் வசிக்கிறார். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவர், தனியார் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார், இப்போது பேறுகால விடுப்பில் இருக்கிறார். பெண் குழந்தைக்கு மூன்றரை மாதம், எடை 5.8 கிலோ. ஆறாவது வாரத்தில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் டோஸ் போட்டபோது ஒன்றரை நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வந்து தானாக அடங்கின. பத்தாவது வாரத்து ஊசியைப் போடவில்லை.

காரணம் குடும்பத்தில் இருக்கும் ஒரு பயம். நாத்தனாரின் மகனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஊசியில் இருக்கும் பாதரசம்தான் அதற்குக் காரணம் என்று நாத்தனாரும் மாமியாரும் நம்புகிறார்கள். வாசகி மருந்துப் புட்டியின் லேபிளைப் படித்திருக்கிறார்: “தையோமெர்சால் 0.005%”. புட்டிக்குள் கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும், பாதரசம் உள்ள பொருள் அது. ஒளிரும் நானோ துகள்களைக் கொண்டு தடுப்பூசியில் உள்ள தையோமெர்சாலைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்திருக்கிறார். எலுமிச்சைச் சாற்றிலிருந்து கார்பன் புள்ளிகள் என்ற அத்தகைய ஒளிரும் துகள்களைத் தயாரித்து, தெரிந்த நர்ஸ் ஒருவர் கொடுத்த காலிப் புட்டியில் ஒட்டியிருந்த சில துளிகளை அதில் விட்டுப் பார்த்தபோது, யூ.வி. விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்த கரைசல் மங்கிவிட்டது. “அன்று இரவு தூங்கவில்லை, டாக்டர்” என்று எழுதியிருக்கிறார். அவருடைய முக்கியக் கேள்விகள் நான்கு. அந்தச் சோதனையை நம்பலாமா? புட்டியை எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது? பாதரசம் இல்லாத ஊசி கிடைக்குமா? ஒரு வயது வரை ஊசியைத் தள்ளிப்போட்டால் என்ன?

அன்புள்ள சகோதரிக்கு,

நாள் ஓடிக்கொண்டிருப்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வருகிற புதன்கிழமை விட்டுப்போன டோஸைப் போட்டுவிடுங்கள். அரசு ஊசி, தனியார் ஊசி, எது என்பது உங்கள் விருப்பம். மற்றதெல்லாம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம், கீழே பேசுகிறேன்.

லேபிளைப் படித்தீர்கள், கட்டுரை தேடினீர்கள், கையால் செய்தும் பார்த்தீர்கள். குழந்தையின் உடம்பில் போகும் பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பது எந்தத் தாய்க்கும் உரிமை, அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. நீங்கள் பார்த்ததும் பொய் இல்லை, ஒளி மங்கியிருக்கும். அது எதனால் மங்கியது, மங்கியதால் என்ன தெரிகிறது என்பதில்தான் சிக்கல்.

ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

பாதரசம் என்றால் நம் ஊரில் பயப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே காற்றிலும் மண்ணிலும் கலந்தது உலோகப் பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளியே தெரியவந்த கொடுமைக்குக் காரணம் மெத்தில் பாதரசம். ஆலைக் கழிவிலிருந்து கடலுக்குப் போய், மீன் வழியாக மனிதர்களின் மூளைக்கு ஏறியது அது. சுறா போன்ற பெரிய மீன்களைக் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

தையோமெர்சால் உடலில் உடைந்து தருவது மூன்றாவது பொருள், எத்தில் பாதரசம். வேதியியல் படித்த உங்களுக்கு மெத்திலும் எத்திலும் வேறு என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் மாமியாருக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது மெத்தில் ஆல்கஹால். மருந்துக் கடையில் வாங்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் கொஞ்சம் எத்தில் ஆல்கஹால் இருக்கிறது. பெயரில் ஓரெழுத்து வித்தியாசம்தான், உடம்பு இரண்டையும் நடத்தும் விதம் முழுக்க வேறு.

மெத்தில் பாதரசத்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். எத்தில் பாதரசத்துக்கு எவ்வளவு நாள் என்பதை அர்ஜென்டினாவில், தையோமெர்சால் உள்ள ஊசி போட்ட பச்சிளங்குழந்தைகளிடமே ரத்தமும் மலமும் எடுத்து அளந்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன கணக்கு சுமார் 3.7 நாள். மலத்தின் வழியாக வெளியேறிவிடுகிறது. அப்படியென்றால் அடுத்த டோஸுக்கு நான்கு வாரம் ஆவதற்குள் முந்தைய டோஸில் வந்ததில் ரத்தத்தில் மிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

குரங்குக் குட்டிகளில் செய்த 2005-ஆம் ஆண்டு ஆய்வை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. தையோமெர்சால் கொடுத்த குட்டிகளின் மூளையில் மொத்தப் பாதரசம் குறைவாக இருந்தது. ஆனால் அதில் கனிமப் பாதரசத்தின் (எத்தில், மெத்தில் பிடியிலிருந்து விடுபட்ட பாதரசம்) பங்கு, மெத்தில் பாதரசம் கொடுத்த குட்டிகளில் இருந்ததைவிட அதிகம். இது கவனிக்க வேண்டிய விஷயம்தான், கவனித்தார்கள். பிறகு 2007-இல் அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையிலான 1,047 குழந்தைகளை, பச்சிளம் பருவத்தில் அவர்களுக்குப் போன தையோமெர்சால் கணக்கோடு சேர்த்துப் பரிசோதித்தார்கள். பேச்சு, நினைவு, கை நுணுக்கம், கவனம் என 42 அளவுகோல்கள். பாதிப்பு என்று சொல்லும்படியான சீரான போக்கு எதுவும் தெரியவில்லை.

உங்கள் ஆய்வகத்தில் நடந்தது

கார்பன் புள்ளியோ, குவாண்டம் புள்ளியோ, அல்புமின் புரதத்துக்குள் 25 தங்க அணுக்கள் சேர்ந்து அமர்ந்து சிவப்பாக ஒளிரும் தங்கக் கொத்தோ, இவை எல்லாம் அருமையான பொருள்கள். நம் ஐஐடி சென்னையிலேயே பேராசிரியர் பிரதீப் குழுவினர் ஒளிரும் உலோகக் கொத்துகளில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள். பாதரச அயனி வந்து ஒட்டினால் இவற்றில் பலவும் அணைந்துவிடும், அந்த அணைவைத்தான் அளக்கிறார்கள். ஆனால் இதில் மூன்று இடங்களில் கால் இடறும். மூன்றும் உங்கள் சோதனையில் இருந்திருக்கின்றன.

முதலாவது, இந்தத் துகள்களில் பெரும்பாலானவை தேடுவது தனித்து நிற்கும் பாதரச அயனியை. தையோமெர்சாலில் பாதரசம் ஒரு கையில் எத்திலையும் மறு கையில் கந்தகத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கத்தான் கட்டுரைகளில் புற ஊதா ஒளியில் நேரம் வைத்து உடைப்பதும், அமிலத்தோடு ஆக்சிஜனேற்றி போட்டுச் செரிக்க வைப்பதும் வருகிறது. செய்முறைப் பகுதியில் ஒரு வரியில் போய்விடும், தவறவிடுவது எளிது. நீங்கள் புட்டியிலிருந்து நேராகக் கரைசலில் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, பென்டாவேலன்ட் மருந்தைக் குலுக்கினால் மோர் நீர்த்தது போல வெண்மையாகக் கலங்கும், பார்த்திருப்பீர்கள். அது நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காகச் சேர்க்கும் அலுமினிய உப்பு. அந்தக் கலங்கல் யூ.வி. ஒளியைச் சிதறடிக்கும். ஒளிரும் துகள்களும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு அடியில் படியலாம். அதில் இருக்கும் புரதங்களும், அமில காரத் தன்மையில் வரும் சிறு மாற்றமும்கூட எலுமிச்சைக் கார்பன் புள்ளியின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும். இரும்பு, செம்பு அயனிகளும் அதை அணைக்கும். பாதரசம் துளியும் இல்லாமலே உங்கள் கரைசல் மங்கியிருக்க முடியும்.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் வைக்கவில்லை. அதே கரைசலில் வெறும் உப்புநீர் ஒரு குழாயில், அலுமினியம் பாஸ்பேட் கலங்கல் ஒரு குழாயில், அளவு தெரிந்த தையோமெர்சால் படிப்படியாகச் சேர்த்த குழாய்கள் சில என்று வரிசையாக வைத்திருந்தால், உங்கள் குழாய் எதனால் மங்கியது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு குழாய் மங்கியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதை உங்கள் மாணவர்கள் செய்திருந்தால் நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். பயத்தில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் இது நடக்கும்.

சரி, சோதனையைச் சரியாகவே செய்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன விடை வரும்? ஒரு மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் தையோமெர்சால். அதாவது லேபிளில் அச்சிட்டிருக்கும் அதே 0.005%. யாரும் ஒளித்துவைத்த பொருளை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. கட்டுரைகளில் “நானோமோலார் அளவையும்”, அதாவது மிக மிகக் குறைந்த செறிவையும், “கண்டுபிடிக்கும்” என்று வருவது உங்களைக் கலக்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. அது அந்தக் கருவியின் கண் எவ்வளவு கூர்மை என்பதைச் சொல்லும் எண். புட்டியில் இருப்பது அதைவிட லட்சம் மடங்கு அதிகச் செறிவு. அவ்வளவு கூர்மையான கண் தேவைப்படுவது ஆலைக் கழிவுநீரிலும் ஆற்று நீரிலும்தான். தொழிற்சாலையிலும் இதற்குப் பயன் உண்டு: தையோமெர்சால் நாளடைவில் ரப்பர் மூடியில் ஒட்டிக் குறையக்கூடும், சொன்ன அளவு கடைசி வரை இருக்கிறதா என்று மலிவாகவும் விரைவாகவும் பார்க்க இந்த ஆராய்ச்சி உதவும். நல்ல வேலை அது, வளரட்டும். ஆனால் “எவ்வளவு இருக்கிறது” என்ற கேள்விக்குத்தான் விளக்கு பதில் சொல்லும். உங்களைத் தூங்கவிடாத கேள்வி “இந்த அளவு என் மகளை என்ன செய்யும்” என்பது. அதற்கு விடை குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில்தான் இருக்கிறது.

பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று கேட்டீர்கள். நம் நாட்டில் விற்பனைக்கோ திட்டத்துக்கோ வரும் தடுப்பூசியின் ஒவ்வொரு தொகுதியும் இமாசலப் பிரதேசம் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்தின் அனுமதி பெற்றே வெளியே வருகிறது. தனியாக ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்தாலும் அதே லேபிள் எண்ணைத்தான் பணம் கட்டி வாங்கி வருவீர்கள். இன்னொன்று, அந்த நர்ஸிடம் இனிமேல் புட்டி கேட்காதீர்கள். முகாம் முடிந்ததும் திறந்த புட்டி, காலிப் புட்டி எல்லாவற்றையும் கணக்கோடு அவர் திருப்பி ஒப்படைக்க வேண்டும். எந்தக் குழந்தைக்காவது பக்கவிளைவு வந்தால் விசாரணைக்கு அந்தப் புட்டிதான் வேண்டும். உதவி செய்யப்போய் அவர் வேலைக்கு வினை வரும்.

25,000 மடங்கு என்ற கணக்கு

குடிநீரில் அனுமதிக்கப்பட்ட பாதரசத்தைவிட ஊசியில் 25,000 மடங்கு இருப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வகுத்தது சரிதான். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது இந்தியக் குடிநீர் வரம்பு. ஊசி மருந்தை லிட்டர் கணக்கில் பெருக்கினால் 25,000 மைக்ரோகிராம் வரும். ஆனால் ஊறுகாயின் உப்பைச் சாம்பாரின் உப்போடு ஒப்பிட்டால் ஊறுகாய் எப்போதும் விஷமாகத்தான் தெரியும். ஊறுகாயை யாரும் கரண்டி கரண்டியாகச் சோற்றில் ஊற்றிப் பிசைவதில்லை. தண்ணீர் வரம்பு என்பது வாழ்நாள் முழுக்கத் தினமும் குடிப்பதற்குப் போட்டது. பென்டாவேலன்ட் ஊசி அரை மி.லி., அதுவும் மூன்றே முறை.

எனவே செறிவை விட்டுவிட்டு மொத்த அளவைப் பாருங்கள். அரை மி.லி.யில் 25 மைக்ரோகிராம் தையோமெர்சால், அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம், ஆக 12.5 மைக்ரோகிராம். உணவில் வரும் மெத்தில் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு போட்ட வரம்பு, ஒரு கிலோ எடைக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். உங்கள் மகளின் 5.8 கிலோவுக்கு நான்கு வாரத்தில் 37 மைக்ரோகிராம் வரும். அதே நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி தருவது 12.5. எத்தில் பாதரசத்தைவிட அதிகம் தங்கும் மெத்தில் பாதரசத்தின் வரம்பை வைத்து அளந்தாலும் மூன்றில் ஒரு பங்குதான்.

“அப்படியானால் அமெரிக்கா ஏன் 1999-இல் வேண்டாம் என்றது?” என்று கேட்பீர்கள். அந்த நாட்டின் அட்டவணையில் முதல் ஆறு மாதத்துக்குள் அதிகபட்சம் 187.5 மைக்ரோகிராம் பாதரசம் வரை போகக்கூடிய நிலை அப்போது இருந்தது. அவர்களின் சுற்றுச்சூழல் துறை மெத்தில் பாதரசத்துக்கு வைத்திருந்த கறாரான வரம்பை அது தாண்டியது. தீங்கு நிரூபணமாகாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி டோஸ் புட்டி வாங்கும் வசதி அங்கே இருந்தது. 2025-இல் ஃப்ளூ ஊசியிலும் வேண்டாம் என்ற செய்தி உங்களுக்கு வந்திருக்கிறது, அது உண்மைதான். ஆனால் புதிதாக ஒரு தீங்கு கண்டுபிடிக்கப்பட்டதால் வந்த முடிவு இல்லை அது. அந்த நாட்டின் குழந்தை மருத்துவர் அமைப்பே அதை எதிர்த்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கென்றே 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, தெர்மாமீட்டரையும் பேட்டரியையும் பட்டியலில் சேர்த்தது. தையோமெர்சால் உள்ள தடுப்பூசிக்கு விலக்குக் கொடுத்தது.

அது ஏன் புட்டிக்குள் இருக்கிறது?

1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிரான ஊசி 21 குழந்தைகளுக்குப் போடப்பட்டது. பலமுறை ஊசி குத்தி எடுக்கும் புட்டி, அதில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. முந்தைய முறைகளில் உள்ளே போன ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி அந்த ஊர்க் கோடை வெயிலில் புட்டிக்குள்ளேயே பெருகியிருந்தது. 12 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் பல டோஸ் புட்டிக்குப் பாதுகாப்புப் பொருள் அவசியம் என்ற விதி உலகெங்கும் வந்தது.

இதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் புட்டியைத் திறந்ததும் அதன்மேல் பேனாவால் எழுதுவார், கவனியுங்கள். பென்டாவேலன்ட் புட்டியில் திறந்த தேதியை எழுதுவார். முறையாகக் குளிரில் வைத்திருந்தால் 28 நாள் வரை அதைப் பயன்படுத்தலாம். பி.சி.ஜி., தட்டம்மை ரூபெல்லா புட்டிகளில் கலக்கிய மணியை எழுதுவார். நான்கு மணி நேரம் ஆனால் மீதி எவ்வளவு இருந்தாலும் போடக் கூடாது. உயிருள்ள கிருமியால் ஆன அந்த மருந்துகளில் தையோமெர்சால் சேர்க்க முடியாது, சேர்த்தால் மருந்தே செத்துவிடும். அந்த நான்கு மணிக்கும் 28 நாளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தப் பாதுகாப்புப் பொருளுடையது.

அதனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. பாதரசத்துக்குப் பயந்து பத்தாவது வாரம் நீங்கள் போகாததில், பாதரசமே இல்லாத போலியோ சொட்டும் ரோட்டா வைரஸ் சொட்டும்கூட நின்றுபோயின.

நாத்தனாரின் மகன்

இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது இந்த இடம்தான். “அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு என் பிள்ளைக்கு எப்படி ஊசி போடுறது” என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாய் ஒரு காரணம் தேடுகிறார். ஒன்றரை வயதுக்குள் பல முறை ஊசிக்குப் போகிறோம். பேச்சு வராதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் கண்ணில் படுவதும் அதே காலத்தில்தான். இரண்டையும் மனம் முடிச்சுப் போட்டுக்கொள்வது இயல்பு.

ஆனால் இந்த முடிச்சை ஒரு நாடு முழுவதும் அவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் 1992-இல் தையோமெர்சாலை நிறுத்தினார்கள். 1990 முதல் 1996 வரை பிறந்த 4,67,450 குழந்தைகளை, தையோமெர்சால் உள்ள ஊசி போட்டவர், இல்லாத ஊசி போட்டவர் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். ஆட்டிசம் வந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 2001-இலேயே குழந்தைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதன் பிறகும் ஆட்டிசம் என்று கண்டறியப்படும் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போனது. உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி மேற்கோள் காட்டும் 1998-ஆம் ஆண்டு லண்டன் கட்டுரை, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைப் பற்றியது. அந்த ஊசியில் தையோமெர்சால் எப்போதுமே இருந்ததில்லை. அந்தக் கட்டுரையையும் 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

நாத்தனாரிடம் இதை வாதமாக வைக்காதீர்கள். அவர் செய்த எதனாலும் பிள்ளைக்கு இது வரவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள், நம்பிக்கையான யாரும் அவருக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு “உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும் சிகிச்சை” ஒன்றைப் பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடுத்துவிடுங்கள். 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசக் குழந்தை அந்த மருந்தை நரம்பில் ஏற்றியபோது ரத்தத்தில் கால்சியம் அதலபாதாளத்துக்கு இறங்கி இறந்துபோனது. அந்தச் சிகிச்சைக்கு முன் கேட்கும் முடிப் பரிசோதனைக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் அங்கே இலவசம். அந்தப் பிள்ளைக்குப் பலன் தருவது அதுதான்.

இனி உங்கள் முன் இருக்கும் வழிகள்

*அரசு ஊசியைத் தொடர்வது.* என் மகளாக இருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன். 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் இந்த ஊசியைத் தொடங்கினார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் என்று ஐந்தையும் ஒரே குத்தில் தடுக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். இரண்டாவது டோஸ் இப்போது, மூன்றாவது நான்கு வாரம் கழித்து. குழந்தைக்கு 14 வாரம் தாண்டிவிட்டதால் நிமோனியா தடுப்பூசி, போலியோ ஊசி இரண்டின் அடுத்த டோஸும் அதே நாளில் வரும்.

*தனியாரில் தையோமெர்சால் இல்லாத ஊசி.* கிடைக்கிறது. ஒரே டோஸாக வரும் சில ஆறு நோய்த் தடுப்பூசிகளில் தையோமெர்சால் கிடையாது. டோஸுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். வாங்கும் முன் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள், எல்லா நிறுவனத் தயாரிப்பும் ஒன்றல்ல. இவற்றில் பலவற்றில் கக்குவான் கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருப்பதால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பும் கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது. இரண்டும் தெரிந்து முடிவெடுங்கள். அந்தப் பணம் வீட்டுச் செலவில் கைவைக்கும் என்றால் இந்த வழி வேண்டவே வேண்டாம். வசதி இருந்து, இதைப் போட்டால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. கட்டுப்படியாகும் விலையில் எல்லாக் குழந்தைக்கும் தனிப் புட்டி வரும் காலம் வந்தால் நானும் வரவேற்பேன்.

*ஒரு வயது வரை தள்ளிப்போடுவது.* இது மட்டும் வேண்டாம். கக்குவான் இருமல் கொல்வது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளைத்தான். இருமக்கூடத் தெரியாமல் மூச்சு நின்று நீலம் பாரித்துப்போகும் வயது அது. உங்கள் மகள் இப்போது அந்த வயதில் ஒரே டோஸோடு இருக்கிறாள்.

நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் ஊசி போடாத நான்கு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கழுத்து காளையின் கழுத்தைப் போல வீங்கியிருந்தது. வாயைத் திறந்து டார்ச் அடித்தபோது உள்நாக்கு தெரியவில்லை, சாம்பல் நிறத் தோல் ஒன்று தொண்டையை மூடியிருந்தது. பஞ்சால் தொட்டதும் ரத்தம் கசிந்தது. கழுத்தில் துளை போட்டு மூச்சைக் காப்பாற்றினோம். எதிர்நச்சு மருந்து ஏற்றினோம். ஒன்பதாம் நாள் இதயம் நின்றுவிட்டது. தொண்டை அடைப்பான் நச்சு தொண்டையோடு நிற்பதில்லை. இன்றைக்கு எம்.பி.பி.எஸ். முடிக்கும் பிள்ளைகள் பலர் இதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் அந்தப் புட்டிதான்.

உரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் குழந்தைக்கு ஊசி போட முடியாது. கொரோனா ஊசி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றமும் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றே சொன்னது. போடும் முன் புட்டியைக் காட்டச் சொல்லலாம். தொகுதி எண், காலாவதித் தேதி, புட்டி மேல் உள்ள வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் எல்லாவற்றையும் பாருங்கள். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தப் புட்டியை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சென்ற முறை வந்த காய்ச்சலும் வீக்கமும் அடுத்த டோஸைத் தடுக்கும் காரணங்கள் இல்லை. முந்தைய டோஸுக்குப் பிறகு உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருந்தாலோ, ஒரு வாரத்துக்குள் வலிப்பு வந்திருந்தாலோ, நினைவு தப்பியிருந்தாலோ, டாக்டரிடம் காட்டாமல் அடுத்த டோஸ் போடக் கூடாது. உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

புதன்கிழமை காலையில் பால் கொடுத்துவிட்டு, தடுப்பூசி அட்டையோடு போங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். தொடையைத் தேய்க்க வேண்டாம், வீங்கினால் ஈரத்துணி வையுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எத்தனை மி.லி. என்று நர்ஸிடம் குழந்தையின் எடையைச் சொல்லிக் கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். டிராப்ஸும் சிரப்பும் ஒரே வீரியம் இல்லை, மாற்றி ஊற்றிவிடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் அழுதாலோ, துவண்டு போனாலோ, வலிப்பு வந்தாலோ நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். நர்ஸ் புட்டியில் தேதி எழுதும்போது ஏன் எழுதுகிறார் என்று அவரே கேட்கட்டும்.